வேல்ராஜ் சொன்ன உறுதிமொழி

மண்ணூர்
4 மார்ச் 2013

வசுதா மேடம்,

என் அண்ணனின் வாயைக் கம்பெனிக்காரனிடம் கொடுத்தது நீங்கள்தான்.

போனில் கூப்பிட்டால் எடுப்பதில்லை. கல்லூரிக்கு வந்தால் மேடம் வகுப்பில் இருக்கிறார் என்று வாட்ச்மேனே சொல்லி அனுப்பிவிடுகிறார். அதற்காக ஒரு ஷிப்டை விட்டுவிட்டு சென்னை வரை வந்திருக்கிறேன். அதனால்தான் எழுதுகிறேன்.

வெள்ளிக்கிழமை லேபர் ஆபீஸில் விசாரணை நடந்தது. ஒரகடம் கம்பெனியில் தகடு அடிக்கும் பிரஸ் ஷாப்பில் கிரேன் சங்கிலி அறுந்து அண்ணனின் இடது பக்கத் தலையில் அடித்து இரண்டு வருஷம் ஆகப்போகிறது. வலது கை விளங்கவில்லை. பேச்சு போய்விட்டது. இதெல்லாம் உங்களுக்குத் தெரியும். தெரிந்தவர் தெரியாதவர் மாதிரி இருப்பதால் எழுதுகிறேன். கைக்குப் பெரிய ஆஸ்பத்திரி சர்டிபிகேட் இருக்கிறது. பேச்சுக்கு, மண்ணூரில் நீங்கள் நடத்திய பயிற்சி முகாமை நம்பி வந்தேன். இந்த நோய்க்கு அஃபேசியா என்று பேர், மூளையில் பேச்சு இருக்கும் இடத்தில் அடிபட்டிருக்கிறது, புத்தி கெடவில்லை என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவரே நீங்கள்தானே.

அதிகாரி நல்ல விதமாகத்தான் கேட்டார். "தம்பி, உன் பேரைச் சொல்லுப்பா."

அண்ணன் உதட்டை உள்ளே மடித்துக் கடித்துக்கொண்டான். வாயைத் திறந்தால் எந்த வார்த்தை வரும் என்று அவனுக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

கம்பெனி வக்கீல் லேப்டாப்பைத் திறந்து ஒரு வீடியோவைப் போட்டார். படத்தில் நீங்கள் பச்சைப் புடவையில் உட்கார்ந்திருக்கிறீர்கள். எதிரே அண்ணன். "பாதுகாப்பு என் கடமை. தலைக்கவசம் இல்லாமல் லைனுக்குள் நுழைய மாட்டேன். ஓடும் இயந்திரத்தில் கை வைக்க மாட்டேன். என் குடும்பம் எனக்காகக் காத்திருக்கிறது." தடங்கல் இல்லாமல் சொல்கிறான். நீங்கள் சிரித்துக்கொண்டே தலையாட்டுகிறீர்கள். கீழே உங்கள் கல்லூரியின் பேர் ஓடுகிறது.

"பாருங்க சார். பேச்சே வராதுன்னு கேஸ் போட்டிருக்காங்க. ஹெல்மெட் ரூலை இவ்வளவு தெளிவா சொல்றாரு. தெரிஞ்சேதான் கழட்டி வெச்சிருக்காரு."

பிறகு அண்ணன் பக்கம் திரும்பி, "எங்க வேல்ராஜ், பாதுகாப்பு..." என்று எடுத்துக் கொடுத்தார்.

அண்ணன் எழுந்து நின்றான். ஷிப்ட் தொடங்குவதற்கு முன் லைனில் நிற்பார்களே, அப்படி. வலது கை வராததால் இடது கையை முன்னால் நீட்டி, கடைசி வரி வரை சொல்லி முடித்தான். முடித்துவிட்டு என்னைப் பார்த்தான் மேடம். சரியாகச் சொன்னேனா என்பது மாதிரி.

"சார், அது பேச்சு இல்லைங்க" என்றேன்.

"பேச்சு இல்லைன்னா பாட்டாம்மா?" என்றார் வக்கீல். டைப் அடிக்கிற அம்மா உட்பட எல்லோரும் சிரித்தார்கள்.

அடுத்த விசாரணை ஏப்ரல் 26. அந்தப் படம் அவர்கள் கைக்கு எப்படிப் போனது? மீதிப் படம் எங்கே? பதில் எழுதுங்கள்.

இசக்கிசெல்வி


சென்னை
14 மார்ச் 2013

அன்புள்ள செல்வி,

உன் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் நீ எழுதியிருக்கும் முதல் வரி நியாயமில்லை. நான் யாரிடமும் எதையும் கொடுக்கவில்லை. போன வருஷம் மாநாட்டில் என் கட்டுரையோடு காட்டிய பதிவு அது. கல்லூரி அதைத் தன் இணையதளத்தில் போட்டது. மண்ணூர் முகாமுக்கு அந்தக் கம்பெனி நிதி தருவதால், முகாமின் பலன் தெரிய வேண்டும் என்று நிர்வாகம் விரும்பியது. அதை ஒரு வக்கீல் இப்படிப் பயன்படுத்துவார் என்று யார் நினைத்தார்கள்? ஆராய்ச்சிக்குப் பயன்படுத்தலாம் என்று நீ கையெழுத்துப் போட்டிருக்கிறாய் என்பதையும் நினைவுபடுத்துகிறேன்.

நீ சொன்னது சரி, அது பேச்சு இல்லை. ஆயிரம் தடவை சொல்லிப் பழகிய வரிகள் மூளையில் வேறு வழியாக வரும். எண்கள், கிழமைகள், பிரார்த்தனை, பாட்டு, வசவு எல்லாம் அப்படித்தான். சொல்ல நினைத்து ஒரு சொல்லைத் தேடி எடுப்பதுதான் பேச்சு. இதை ஒரு சான்றிதழாக எழுதி இணைத்திருக்கிறேன். துறைத் தலைவர் வெங்கட்ரமணன் சார் சில திருத்தங்கள் செய்துதான் கையெழுத்திட அனுமதித்தார்.

மீதிப் பதிவைக் கேட்கிறாய். அதைப் பற்றி விசாரித்துச் சொல்கிறேன். ஒன்றை மட்டும் நீ மறந்துவிட்டாய். வேல்ராஜ் சொல்லும் அந்த வார்த்தையை வெட்டிவிடச் சொன்னது நீ. முகாம் முடிந்து எல்லோரும் போன பிறகு தனியாக வந்து, "மேடம், அத மட்டும் யாருக்கும் காட்டிராதிய. நாளைக்கு எனக்குக் கல்யாணம் காச்சின்னு வந்தா எவன் வருவான்?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாய். உனக்காகவும்தான் வெட்டினேன்.

வேல்ராஜுக்கு என் அன்பைச் சொல்.

வசுதா


மண்ணூர்
20 மார்ச் 2013

மேடம்,

ஆமாம், நான்தான் கேட்டேன். இல்லை என்று சொல்ல மாட்டேன்.

ஏன் கேட்டேன் என்றும் சொல்கிறேன். அண்ணனுக்கு மிஞ்சியது அந்த ஒரு வார்த்தைதான். தாயைச் சேர்த்துத் திட்டுவது. அடிபடுவதற்கு முன் அவன் வாயில் அதை நான் கேட்டதே இல்லை. ஷாப்பில் சொல்லியிருப்பான் போல. இப்போது தண்ணீர் வேண்டும் என்றாலும் அதுதான், தலைவலி என்றாலும் அதுதான். நான் நைட் ஷிப்ட் முடிந்து வந்து விழுந்தால் போர்வையைப் போர்த்திவிட்டு மெதுவாகச் சொல்வானே, அதுவும் அதுதான். கம்பெனியிலிருந்து எச்.ஆர். ஆள் ஆப்பிள் வாங்கிக்கொண்டு பார்க்க வந்தபோது அண்ணன் சந்தோஷமாகச் சிரித்து அவரை அதைச் சொல்லித்தான் வரவேற்றான். அன்றைக்கு மட்டும்தான் நான் சிரித்தேன்.

வீட்டுக்காரர் பாண்டுரங்கன் சிரிக்கவில்லை. அவர் மனைவி சரோஜா அக்கா குடத்தை எடுத்துக்கொண்டு போனபோது நகர்ந்து வழிவிட்டு இதைச் சொல்லிவிட்டான். நீங்க போங்க அக்கா என்றுதான் அவன் சொன்னது. "இன்னாமே, உங்க அண்ணன் எம் பொண்டாட்டியப் பாத்து இன்னா வார்த்த பேசிக்கினுகீறான்? ஊமையா அவன்? வூட்ட காலி பண்ணு மொதல்ல" என்று தெருவே பார்க்கக் கத்தினார். கெஞ்சிக் கூத்தாடித்தான் இங்கேயே இருக்கிறோம். அன்றிலிருந்து நான் வேலைக்குப் போகும்போது வெளியே பூட்டிவிட்டுப் போகிறேன். என் அண்ணனை, மேடம். பீடி வாங்கப் போகக்கூட விடாமல்.

ஆக எனக்கு வெட்கம் இருந்தது. கேட்டேன். நீங்கள் படித்தவர், வெட்டினால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். எனக்குத் தெரியாது. நீங்கள் சிடியில் போட்டுக் கொடுத்த படத்தை என்னோடு வேலை பார்க்கும் ஹாஸ்டல் பிள்ளைகளிடமெல்லாம் காட்டினேன். ஊரில் இருக்கும் அம்மாவுக்குப் போன் போட்டு போனை கம்ப்யூட்டர் பக்கத்தில் பிடித்தேன். "எட்டி, என் புள்ள பேசுதானா? மூக்கன் சாமி கோயிலுக்கு ஒரு கிடா சொல்லிருதேன்" என்று அழுதாள். கிடா வெட்டியாயிற்று.

உங்கள் சான்றிதழை எங்கள் வக்கீல் காசிராஜன் சாரிடம் காட்டினேன். யூனியன்காரர்கள் ஏற்பாடு செய்தவர். படித்துவிட்டு மேஜையில் போட்டார். "'சிகிச்சையால் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் கண்டுள்ளார்.' இது நமக்கா எழுதினது, அவங்களுக்கா எழுதினது?" என்று கேட்டார். அது பேச்சு இல்லை என்று எனக்கு எழுதினீர்கள். சான்றிதழில் அந்த வரி எங்கே?

இன்னொன்று. இதை யோசித்து யோசித்து, நான் வேலை பார்க்கும் எலக்ட்ரானிக்ஸ் கம்பெனி லைனில் இரண்டு போர்டைத் தப்பாக மாட்டி சூப்பர்வைசரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். முகாமுக்கு வந்த முதல் நாளே அண்ணன் அந்த உறுதிமொழியைச் சொன்னான். நீங்கள் ஆச்சரியப்பட்டு, திரும்பச் சொல்லச் சொன்னீர்கள். அப்புறம் மூன்று மாத சிகிச்சையில் வந்ததாக எப்படிக் காட்டினீர்கள்?

ஹெல்மெட் பற்றியும் தெரிந்துகொள்ளுங்கள். கான்ட்ராக்ட் ஆட்களுக்கு அதைக் கொடுப்பதே பாதுகாப்பு ஆடிட் வருகிற அன்றைக்குத்தான். மற்ற நாளில் வெறும் தலையோடு நின்று தலைக்கவசம் இல்லாமல் நுழைய மாட்டேன் என்று சத்தமாகச் சொல்லிவிட்டு உள்ளே நுழைய வேண்டும். சத்தம் குறைந்தால் சூப்பர்வைசர் மறுபடி சொல்லச் சொல்வான். அப்படி ஏறிய பாடம் அது.

முழுப் படத்தையும் எடுத்துக்கொண்டு 26ஆம் தேதி வாருங்கள். நான் கேட்டதைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். அந்த வார்த்தையை எல்லோரும் கேட்கட்டும்.

இசக்கிசெல்வி


ஸ்ரீபெரும்புதூர்
7 ஏப்ரல் 2013

இசக்கிசெல்வி,

இதை நான் பலமுறை எழுதிக் கிழித்துவிட்டேன். அப்பா, அம்மாவோடு இருக்கும் நாளில் எழுதலாம் என்று வந்தேன். இங்கே இன்னும் கஷ்டமாக இருக்கிறது.

உங்களிடம் ஒரு பொய் சொன்னேன். மீதிப் பதிவைப் பற்றி விசாரிக்கிறேன் என்று எழுதியபோது அது இல்லாமல் போயிருந்தது. உங்கள் முதல் கடிதம் கிடைத்ததும் வெங்கட்ரமணன் சாரிடம் காட்டினேன். "பழைய பதிவுகளை வைத்திருக்க வேண்டிய கட்டாயம் நமக்கு இல்லையே வசுதா" என்றார். அழி என்று அவர் சொல்லவில்லை. அவர் அப்படிச் சொல்லவில்லை என்பதை நான் நன்றாகக் கவனித்தேன். என் அறைக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு நான்தான் அழித்தேன். எழுதி வைத்த குறிப்புகள் இருக்கின்றன. ஆனால் அவன் அந்த வார்த்தையைச் சொன்ன இடங்களிலெல்லாம் நட்சத்திரக் குறி போட்டு வைத்திருக்கிறேன். அதைப் பார்த்து யாருக்கும் எதுவும் புரியாது.

முதல் நாள் பற்றிக் கேட்டீர்கள். சரியாகத்தான் நினைவு வைத்திருக்கிறீர்கள். அன்றே சொன்னான். மூன்று மாதம் நான் படங்களைக் காட்டினேன். சாவி, சீப்பு, கத்தி. ஒவ்வொன்றுக்கும் அந்த வார்த்தைதான் வந்தது. சாவி என்று அவன் சொல்ல நினைப்பது கண்ணில் தெரியும், சாவியைத் திருப்புகிற மாதிரி இடது கையைத் திருப்புவான், வாயில் அதுதான் வரும். வந்ததும் தலையைக் குனிந்துகொள்வான். மூன்று மாதம் கழித்தும் ஒரு சொல்கூட வரவில்லை. ஆய்வை முடிக்க வேண்டிய காலம் வந்துவிட்டது. நிதி கொடுத்தவர்கள் பலன் கேட்டார்கள். கடைசி நாளில் உறுதிமொழியைச் சொல்லச் சொல்லிப் பதிவு செய்து அதைப் பலன் என்று வைத்தேன். அரங்கில் கைதட்டினார்கள். ஒரு பெரிய பேராசிரியர் வந்து முதுகில் தட்டிக்கொடுத்தார். அந்தத் தட்டு இன்னும் முதுகில் இருக்கிறது.

உங்களுக்காகவும்தான் வெட்டினேன் என்று எழுதியதைத் திரும்பப் பெற முடியுமானால் பெற்றுக்கொள்கிறேன். நீங்கள் கேட்காவிட்டாலும் வெட்டியிருப்பேன்.

எங்கள் அப்பா பெருமாள் கோயில் கோஷ்டியில் பாசுரம் சொல்பவர். அவர் சொல்லும்போதே கண் யார் வருகிறார்கள், யார் போகிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருக்கும். சொல்வது நிற்காது. அது தனியாக ஓடும் என்று பள்ளிக்கூடம் போகாத வயதிலேயே எனக்குத் தெரியும். தெரியாமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு வழியே இல்லை.

நான் விசாரணைக்கு வந்து இதையெல்லாம் சொன்னால் என் ஆய்வுப் பட்டம் போகும், வேலை போகும், மண்ணூர் முகாமையும் மூடிவிடுவார்கள். இன்னும் சிலர் அங்கே வருகிறார்கள். அவர்களை நினைத்துத்தான் தயங்குகிறேன் என்று எழுத நினைத்தேன். அது முழு உண்மை இல்லை. என்னைக் கொஞ்சம் மன்னிக்க முயலுங்கள். என் கையில் இருப்பதை வைத்து உங்களுக்கு வேறு விதமாக உதவ முடியும். எவ்வளவு என்று சொன்னால் போதும்.

வசுதா


மண்ணூர்
12 ஏப்ரல் 2013

மேடம்,

முதல் முறையாக என்னை நீங்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அது வேண்டாம். நீ என்றே கூப்பிடுங்கள், ஆனால் வந்து சொல்லுங்கள்.

பணத்தைப் பற்றி எழுதிய வரியை நான் பேனாவால் அடித்துவிட்டேன். அப்படியே வைத்துக்கொண்டால் மறுபடி மறுபடி படிப்பேன்.

மண்ணூர் முகாம் மாசியிலிருந்தே நடக்கவில்லை. அறைக்குப் பூட்டு போட்டிருக்கிறது. உள்ளே கம்பெனி பேனரை மட்டும் விட்டு வைத்திருக்கிறார்கள். யாருக்காகத் தயங்குகிறீர்கள்?

உங்கள் கடிதத்தை அண்ணனுக்கு வாசித்துக் காட்டினேன். காட்டலாமா வேண்டாமா என்று யோசித்தேன். பிறகு, புத்தி கெடவில்லை என்று நீங்கள்தானே சொன்னீர்கள் என்று உட்கார்ந்து வாசித்தேன். சாவி, சீப்பு வந்த இடத்தில் கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னான். எழுந்து போய்ச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டான். அந்த மூன்று மாதமும் அவன் வெட்கப்பட்டதை நீங்கள் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறீர்கள். பார்த்து எழுதியும் வைத்திருக்கிறீர்கள். நட்சத்திரம் போட்டு.

கடிதத்தைக் காசிராஜன் சாரிடம் கொடுக்கத்தான் போனேன். படி ஏறிவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன். உங்களுக்குத் தெரியாமல் உங்கள் வார்த்தையை எடுத்து ஆபீசரிடம் நீட்டினால், நீங்கள் அண்ணனுக்குச் செய்ததும் நான் உங்களுக்குச் செய்வதும் ஒன்றாகிவிடும். அது எனக்கு வேண்டாம். நீங்களாக வர வேண்டும்.

நான் சொன்னால் செல்லாது. தங்கச்சிக்காரி சொல்லிக்கொடுத்துச் சொல்கிறாள் என்பார்கள். அண்ணன் வாயைத் திறக்க மாட்டான். வெட்கத்தில் செத்தாலும் அந்த வார்த்தையை அதிகாரி முன்னால் விடமாட்டான். எடுத்துக் கொடுத்தால் உறுதிமொழியைச் சொல்லிவிடுவான், நிறுத்த முடியாது. வக்கீலுக்கு அது போதும். அவன் பேசியதைக் காதால் கேட்ட படித்த ஆள், கம்பெனிக்கு வேண்டிய ஆள், நீங்கள் ஒருவர்தான்.

படம் அழிந்துவிட்டது. சரி. நீங்கள் அழியவில்லையே.

26ஆம் தேதி வந்து அதிகாரியிடம் சொல்லுங்கள். சாவியைக் காட்டி இது என்ன என்று கேட்டேன், இந்த ஆள் இதைச் சொன்னான் என்று. குறிப்பிடத்தக்க முன்னேற்றம் என்று சொல்லாதீர்கள். தகாத சொல் என்றும் சொல்லாதீர்கள். அவன் சொன்ன அந்த வார்த்தையை, அப்படியே, உங்கள் வாயால்.

பதில் எழுதுங்கள்.

இசக்கிசெல்வி


ஸ்ரீபெரும்புதூர்
25 ஏப்ரல் 2013

மேடம்,

ரிஜிஸ்தர் தபாலில் அனுப்பிய கடிதம் உங்களுக்குக் கிடைத்துவிட்டது என்ற அட்டை திரும்பி வந்துவிட்டது. கையெழுத்து உங்களுடையது. பதில்தான் வரவில்லை.

கல்லூரியில் நீங்கள் லீவு என்றார்கள். அதனால் உங்கள் கடித உறையில் இருந்த விலாசத்துக்கு வந்து, உங்கள் அப்பா வீட்டு வாசலில் நின்று எழுதுகிறேன். பெல் அடித்தேன். உள்ளே டி.வி. சத்தம் கேட்டது, பெல் அடித்ததும் நின்றுவிட்டது. "யாரு?" என்று உங்கள் அப்பா குரல். "மண்ணூர்ல இருந்து வந்திருக்கேன், மேடத்தப் பாக்கணும்" என்றேன். "அவ இல்லம்மா" என்றார். உங்கள் செருப்பு வெளியே கிடக்கிறது. முகாமுக்குப் போட்டு வருவீர்களே, அது.

அண்ணன் என்னோடுதான் வந்திருக்கிறான். இன்று அவனைப் பூட்டி வைக்கவில்லை, இனிமேலும் பூட்ட மாட்டேன். கேட்டுக்கு அந்தப் பக்கம் நிற்கிறான். தெருவில் போகிறவர்களைப் பார்த்து இரண்டு முறை சொல்லிவிட்டான். ஒரு மாமி காதைப் பொத்திக்கொண்டு போனார். நான் தலை குனியவில்லை.

நாளைக் காலை பத்தரை மணிக்குக் கூப்பிடுவார்கள். தாளைக் கதவிடுக்கில் செருகுகிறேன். கதவுக்குப் பின்னால்தான் நிற்கிறீர்கள் என்று நினைக்கிறேன்.

நாளைக்கு அங்கே எங்களைப் பார்க்க வேண்டுமே என்பதற்காகச் சொல்ல வேண்டாம். இப்போது, இங்கேயே, கதவைத் திறக்காமலேகூட, அந்த வார்த்தையை ஒரு தடவை சொல்லிப் பாருங்கள். உங்களால் முடியும் என்று எங்களுக்குத் தெரியட்டும். நாங்கள் நிற்கிறோம். சொல்லுங்கள் மேடம்.